வாய்க்காலுக்கு மேற்கே: புதுவையில் ஓர் இலக்கிய நடை

புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவில் உள்ள வெள்ளைக்காரப் பகுதியைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூ, மரக்கதவு, ஒரு செல்ஃபி. தப்பில்லை. ஆனால் இலக்கியத்துக்காக நடக்க வருகிறவர் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. பாரதியின் வீடு, பாரதிதாசனின் வீடு, ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை மூன்றுமே வாய்க்காலுக்கு மேற்கே, ஊர்க்காரர்கள் காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் போகிற வீதிகளில் இருக்கின்றன. இந்த வழிகாட்டி கடலில் தொடங்கி, சீக்கிரமே வாய்க்காலைத் தாண்டிவிடும்.

மொத்த நடை நான்கு கிலோமீட்டர் அளவுக்குள் அடங்கும். நின்று பார்த்து, படித்து, காபி குடித்து முடிக்க ஒரு முழுக் காலை வேண்டும்.

கிளம்பும் முன்

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கு மேல் தார்ச்சாலையில் நிற்கவே முடியாது. அக்டோபர், நவம்பரில் மழை. காலை எட்டு மணிக்குக் கடற்கரையில் தொடங்கினால், நினைவில்லங்கள் திறக்கும் நேரத்துக்குச் சரியாக அங்கே போய்ச் சேரலாம். அரசு நினைவில்லங்களுக்கு வார விடுமுறை உண்டு, மதிய இடைவேளையும் உண்டு. முந்தைய நாளே தங்குமிடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வந்து பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர்.

கையில் பாரதியின் கவிதைத் தொகுப்பு ஒன்று இருக்கட்டும். போனில் இருந்தாலும் போதும். 1949-இல் சென்னை மாகாண அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கிப் பின்னர் பொதுவுடைமை ஆக்கிவிட்டதால், எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோயில்களுக்குள்ளும் போவோம் என்பதால் சட்டெனக் கழற்றி மாட்டக்கூடிய செருப்பே வசதி.

நண்பர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். வீதிகள் குறுகல், பைக்குகள் அதிகம். பத்துப் பதினைந்து பேர் ஒரு வீட்டு வாசலில் நின்றால் வீட்டுக்காரருக்கும் தொல்லை, பின்னால் நிற்பவருக்குக் காதிலும் விழாது.

வழி தவறிவிடுமோ என்ற பயமே தேவையில்லை. ஊர் கட்டம் போட்ட ஊர். 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது போட்ட வீதித் திட்டம்தான் இன்றைய அமைப்புக்கு அடிப்படை. கிழக்கே கடல், மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் பட்டேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை. வாய்க்காலைத் தாண்டி மேற்கே போகப்போக மிஷன் வீதி, காந்தி வீதி, பாரதி வீதி என்று வரிசையாக வரும். இவை தெற்கு வடக்கு. இவற்றைக் குறுக்கே வெட்டுபவை ரங்கப்பிள்ளை வீதி, நேரு வீதி, ஈசுவரன் கோயில் வீதி போன்ற கிழக்கு மேற்கு வீதிகள். இது மனதில் பதிந்துவிட்டால் வரைபடம் வேண்டாம்.

முதல் நிறுத்தம்: கடற்கரை

காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நில்லுங்கள். கப்பல் பயணிகள் இறங்கிய பழைய பாலம் 1952 புயலில் சிதைந்துபோனது. 1910 ஏப்ரல் 4 அன்று 'துப்ளெக்ஸ்' என்ற கப்பலில் அரவிந்தர் இந்தக் கரையில் வந்து இறங்கினார். வரவேற்றவர்களில் பாரதியும் அவருடைய நண்பர் மண்டயம் சீனிவாசாச்சாரியாரும் இருந்தார்கள். கலவை சங்கரச் செட்டியார் வீட்டு மாடியில் அவரைத் தங்கவைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் போராளியும் எழுத்தாளருமான வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்.

ஏன் எல்லோரும் இங்கே வந்தார்கள்? பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட மண் என்பதால் ஆங்கிலப் போலீஸ் இங்கே கைது செய்ய முடியாது. 1908-இல், பாரதி எழுதிவந்த 'இந்தியா' பத்திரிகையின் சட்டப்பூர்வ ஆசிரியராகப் பெயர் இருந்த சீனிவாசன் சென்னையில் கைதானார். அடுத்தது பாரதிதான் என்று தெரிந்ததும் நண்பர்கள் அவரை ரயிலேற்றிவிட்டார்கள். அப்போது பாரதிக்கு 26 வயதுகூட நிறையவில்லை. திரும்பிப் போனது 1918 நவம்பரில். 39 வயதை எட்டாத வாழ்க்கையில் பத்து ஆண்டுகள் இந்த ஊரில் கழிந்தன.

கடற்கரையில் பத்து நிமிடம் போதும். உள்ளே திரும்புங்கள்.

பூங்காவும் பிள்ளையாரும்

பாரதி பூங்கா, நடுவில் ஆயி மண்டபம், பக்கத்தில் ரோமன் ரோலண்ட் நூலகம். நூலகம் 1827-இல் தொடங்கப்பட்டது. பிற்பாடுதான் பிரெஞ்சு எழுத்தாளரின் பெயரைப் பெற்றது. தூய லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தையும் (1955) வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அங்கே இருக்கும் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. ஆய்வாளராக இருந்தால் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, முன் அனுமதியோடு வாருங்கள். நடைக்கு வந்தவர் உள்ளே எட்டிப்பார்ப்பதில் பயன் இல்லை.

மணக்குள விநாயகர் கோயில் மட்டும் விதிவிலக்கு. இங்கே நின்று படிக்க வேண்டியது 'விநாயகர் நான்மணிமாலை'. இந்தப் பிள்ளையாரை முன்வைத்துப் பாரதி எழுதியது, நாற்பது பாட்டு. 'நமக்குத் தொழில் கவிதை' என்று மேடைக்கு மேடை முழங்கப்படும் அடி இதில்தான் வருகிறது. பலருக்கு அது ஒரு பக்திப் பாமாலையின் நடுவில் இருக்கிறது என்பதே தெரியாது. முழுப் பாட்டையும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்தால், கேட்கிற வரங்களின் பட்டியல் எவ்வளவு விநோதமானது என்று புரியும். வாசலில் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்த யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு வரும் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாய்க்காலைத் தாண்டுங்கள்

மேற்கே நடந்தால் இரண்டு நிமிடத்தில் பெரிய வாய்க்கால். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று பிரித்த கோடு இதுதான். தாண்டியதும் வீடுகளின் முகம் மாறிவிடும். கிழக்கே உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் வீட்டை மறைத்துக்கொண்டிருந்தன. இங்கே வீடு வீதியைப் பார்த்துத் திறந்திருக்கிறது. வாசலின் இருபுறமும் திண்ணை. அதன்மேல் மரத்தூண்களில் சாய்ந்து நிற்கும் ஓட்டுத் தாழ்வாரம். வரிசையாக எல்லா வீட்டுக்கும் தாழ்வாரம் இருந்த காலத்தில், வீதி முழுக்க நிழலிலேயே நடந்துவிடலாம். இப்போது நாலைந்து வீட்டுக்கு ஒன்று மிச்சம். சில வீடுகளில் கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் வீடாக இருக்கும், மாடி வளைவு ஜன்னலும் சுதைவேலையுமாகப் பிரெஞ்சு பாணியில் இருக்கும். கலவை சுப்பராயச் செட்டியார் வீதியில், அதாவது வைசியாள் வீதியில், இந்த மாதிரி வீடுகளை ஒரு வரிசையாகச் சீரமைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. வடக்கே போகும்போது அந்த வீதியையும் பார்த்துவிடுங்கள். திண்ணையில் உட்காரலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் உட்காராதீர்கள்.

அதற்கு முன் தெற்குப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது.

சம்பா கோயிலும் ஒரு நாட்குறிப்பும்

மிஷன் வீதியில் தெற்கே நடந்தால் ஊர்க்காரர்கள் சம்பா கோயில் என்று சொல்லும் பெரிய மாதா கோயில். இன்றைய கட்டடம் 1791-ஐச் சேர்ந்தது. இதற்கு முன்பு இங்கிருந்த சேசு சபைத் தேவாலயத்தை ஒட்டி வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், பிரெஞ்சு கவர்னர் துப்ளெக்ஸ் காலத்தில் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. இடிபட்ட அந்த நாள்களைக் கூட இருந்து எழுதிவைத்தவர் ஒரு தமிழர். அவர் பெயரில்தான் நாம் அடுத்துப் போகப்போகிற வீதி.

ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். வியாபாரி. 1747 முதல் துப்ளெக்ஸின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் வீட்டுச் சண்டை, கவர்னர் மனைவி மேல் தனக்கிருந்த கோபம், யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார்கள் என்று எல்லாமே உண்டு. பேச்சுத்தமிழ் கலந்த உரைநடை அது, 'முசே' என்று துரைமாரைக் குறிக்கும் தமிழ். பதினெட்டாம் நூற்றாண்டில் நம்மவர் இவ்வளவு இயல்பாக உரைநடை எழுதியிருக்கிறார் என்பது தெரியாமலேயே பலர் தமிழ் உரைநடையின் வரலாற்றைப் பிற்காலத்தில் தொடங்குகிறார்கள். அவர் இறந்த 1761 ஜனவரியிலேயே ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. சுவடிகள் 1846-இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

அவருடைய மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டை ஒட்டி இருக்கிறது. 1738-இல் கட்டி முடித்தது. கீழ்த்தளத்தில் மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சு பாணிக் காரைத் தூண்கள். வாய்க்காலைத் தாண்டியபோது பார்த்த கலப்பு இதிலேயே இருக்கிறது. உள்ளே போக முடியும் என்ற நம்பிக்கையில் திட்டம் போடாதீர்கள். வீதியில் நின்று பார்த்தாலே போதும். ஆனால் மார்க்கெட் கூட்டத்தில் நின்று பார்ப்பது லேசு இல்லை. தள்ளுவண்டி ஒன்று பின்னால் வந்து முட்டும்.

இந்த நாட்குறிப்பைப் படிக்க நேரமில்லாதவர்கள் பிரபஞ்சனிடம் போகலாம். புதுச்சேரிக்காரர், 1945 முதல் 2018 வரை வாழ்ந்தவர். பிள்ளையின் காலத்தை வைத்து அவர் எழுதிய இரண்டு நாவல்களில் 'மானுடம் வெல்லும்' முதலாவது. இரண்டாவதான 'வானம் வசப்படும்' 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நடைக்கு வருவதற்கு முன் ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்றால் 'மானுடம் வெல்லும்' படியுங்கள் என்பேன்.

காபிக்கு ஒரு நிறுத்தம்

மார்க்கெட்டுக்குள் புகுந்து வடக்கே வெளியேறினால் நேரு வீதி. இந்த வீதியில் உள்ள இந்தியன் காபி ஹவுஸ், யான் மார்ட்டெலின் புக்கர் பரிசு பெற்ற 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் வருகிறது. அங்கே ஒரு முதியவர் எழுத்தாளரிடம் கதை சொல்லத் தொடங்குவதாக அமைத்திருப்பார். காலில் வலி ஆரம்பிக்கும் நேரமும் இதுதான். கால் மணி நேரம் உட்காருங்கள். இதற்கு மேல் வரப்போவதுதான் நடையின் உயிர்.

பாரதி வீடு

காந்தி வீதி வழியாக வடக்கே போங்கள். வழியில் வேதபுரீசுவரர் கோயில் வரும். இடிபட்ட கோயில் பின்னால் இங்கே எழுப்பப்பட்டது. நாட்குறிப்பில் படித்ததை நினைத்துக்கொண்டு உள்ளே ஒரு சுற்று வந்துவிட்டு, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியைக் கேட்டுப் போங்கள். பாரதி வீடு என்றாலே காட்டுவார்கள்.

புதுவையில் பாரதி ஒரே வீட்டில் இருக்கவில்லை. அவற்றில் இந்த வீடு அரசின் நினைவில்லமாகவும் ஆய்வகமாகவும் நிற்கிறது. படங்கள், நூல்கள், கையெழுத்துகள் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். பாரதியின் அசல் புகைப்படங்கள் மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். செல்லம்மாவோடு இருக்கும் படம் புதுச்சேரியில் எடுத்தது. இருவரையும் ஓவியங்களில் பார்த்துப் பழகியவர்கள், அசல் படத்தின் முன் நின்று முகங்களைக் கவனியுங்கள்.

காட்சிப் பொருள்களை விட வீதியே எனக்கு முக்கியம். வெளியே வந்து எதிர்ச்சாரியைப் பாருங்கள். ஆங்கில அரசின் உளவாளிகள் வருகிறவர் போகிறவரைக் குறித்துக்கொண்டு இந்த வட்டாரத்தில்தான் காத்துக்கிடந்தார்கள். கடிதங்களும் மணியார்டர்களும் மறிக்கப்பட்டன. 'இந்தியா' பத்திரிகையை இங்கிருந்து அச்சிட்டு அனுப்பினார்கள். ஆங்கில இந்தியாவுக்குள் அது நுழையத் தடை வந்ததும் 1910 மார்ச்சில் நின்றுபோனது. பத்திரிகை போனதால் வருமானம் போனது. அரசியல் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த கைக்கு வேறு வேலை கிடைத்தது. 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-இல் வந்தது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இந்த ஊரில் எழுதியவை. கீதையைத் தமிழாக்கியதும் இங்கேதான். தடை இல்லாமல் பத்திரிகை ஓடியிருந்தால் இவற்றில் எத்தனை எழுதப்பட்டிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

இந்த வாசலில் நின்று நண்பர்களுக்குச் சொல்ல இரண்டு சம்பவங்கள். ஒன்று, 1913-இல் ரா. கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பாரதி பூணூல் போட்டுக் காயத்ரி மந்திரம் சொல்லிக்கொடுத்தது. கனகலிங்கமே பின்னாளில் 'என் குருநாதர் பாரதியார்' என்று புத்தகம் எழுதினார். இன்னொன்று குள்ளச்சாமி. பழங்கந்தல் மூட்டையைச் சுமந்துகொண்டு வீதியில் திரிந்த இந்தச் சாமியாரிடம், இது என்ன கோலம் என்று பாரதி கேட்கிறார். நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே பழங்குப்பையைச் சுமக்கிறாய் என்று பதில் வருகிறது. 'பாரதி அறுபத்தாறு' நூலில் பாரதியே இதைப் பாட்டாக எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை இங்கே படியுங்கள், உள்ளே கண்ணாடிப் பெட்டி முன்னால் படிக்க வேண்டாம். வீட்டுக்குள் பாரதி எப்படி இருந்தார் என்று தெரிய வேண்டுமானால் மண்டயம் சீனிவாசாச்சாரியார் மகள் யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' இருக்கிறது. சிறுமியாக இருந்து பார்த்ததை எழுதியது என்பதால் பெரியவர்கள் கவனிக்காத விஷயங்கள் அதில் உண்டு.

வ.வே.சு. ஐயரை மறந்துவிட வேண்டாம். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1916-இல் வெளியிட்டதும், தமிழின் முதல் சிறுகதை என்று பலர் சொல்லும் 'குளத்தங்கரை அரசமர'த்தை எழுதியதும் அவருடைய புதுவை ஆண்டுகளில்தான். அவருக்கென்று இந்த நடையில் காட்ட ஒரு வீடு இல்லாதது குறைதான். பாரதி வீட்டு வாசலிலேயே அவர் கதையையும் சொல்லிவிடுங்கள்.

பாரதிதாசன் வீடு

அடுத்து பெருமாள் கோயில் வீதி, கதவு எண் 95. சில நிமிட நடை. வழியில் மிஷன் வீதிக்கு வந்து கல்வே கல்லூரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். கனக சுப்புரத்தினம் (பாரதிதாசனின் இயற்பெயர்) தமிழ் படித்த இடம்.

1891 ஏப்ரல் 29-இல் இந்த ஊரிலேயே பிறந்தவர். வேணு நாயக்கர் என்பவரின் கல்யாணத்தில் பாரதியின் பாட்டு ஒன்றை இவர் பாடினார், பாரதியே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது தெரியாமல். அறிமுகம் அப்படி. பிறகு ஒருநாள் பாரதி ஒரு பாட்டு எழுதச் சொல்ல, 'எங்கெங்குக் காணினும் சக்தியடா' பிறந்தது. தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று பாரதி குறிப்பெழுதிச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். பிற்காலப் பகுத்தறிவுக் கவிஞரின் புகழ்பெற்ற முதல் பாட்டு சக்தியைப் பற்றியது. இதைக் கேட்டதும் கூட வந்தவர்களில் ஒருவராவது வாதத்தைத் தொடங்குவார். தொடங்கட்டும், நல்லதுதான்.

1945-இல் அவர் வாங்கிய வீடு இது. இப்போது அருங்காட்சியகமும் ஆய்வு மையமும். பிரெஞ்சு அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெறும் தறுவாயில் வாங்கியது. பாரதி வீட்டை விட இங்கே கூட்டம் குறைவு, அதனால் நிதானமாகப் பார்க்கலாம். புதுச்சேரி அரசு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து இவருடையது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். அங்கே மனோன்மணீயம் பாட்டு, இங்கே 'வாழ்வினில் செம்மையைச் செய்பவள் நீயே'. இறந்த பிறகு, 1969-இல் 'பிசிராந்தையார்' நாடகத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

நேரம் மிச்சமிருந்தால் குயில் தோப்பு

குயில் பாட்டுக்குக் களமான தோப்பு நடந்து போகும் தூரத்தில் இல்லை. வடக்கே முத்தியாலுப்பேட்டையைத் தாண்டிக் கருவடிக்குப்பம். ஆட்டோ பிடியுங்கள், ஏறும் முன்பே போக வரக் கட்டணம் பேசிவிடுங்கள். சித்தானந்த சுவாமி கோயில் என்று சொன்னால் ஓட்டுநருக்குச் சட்டெனப் புரியும், 'குயில் தோப்பு' சொன்னால் சிலருக்குப் புரியாது. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் மாந்தோப்பு அது. 'வெல்லச்சு' என்று பாரதி அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார். இன்று பாட்டில் உள்ள சோலையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. குயில் பாட்டின் தொடக்கப் பகுதியைப் படித்துவிட்டு, கோயிலையும் பார்த்துவிட்டு வர அரை மணி நேரம் போதும்.

வயதானவர்களோ குழந்தைகளோ கூட இருந்தால் மாதா கோயிலையும் குயில் தோப்பையும் விட்டுவிடுங்கள். மணக்குள விநாயகரில் தொடங்கி நேரு வீதி வழியாக நேரே பாரதி வீடு, பிறகு பாரதிதாசன் வீடு என்று இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். மழை பிடித்துக்கொண்டால் வரிசையைத் திருப்பிப்போடுங்கள். முதலில் இரண்டு நினைவில்லங்கள், மழை விட்டதும் ரங்கப்பிள்ளை வீதி. கடற்கரையைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அங்கே வண்டிகளை விடுவதில்லை.